இணையதளத்துக்கு ஈசானிய மூலை

புதுச்சேரிக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. கடைக்கு வாஸ்து பார்த்தாயிற்று, வீட்டுக்கும் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது இணையதளம் ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்க வந்து சேர்ந்தார் இணையச் சித்தர் தெய்வசிகாமணி.

மூலக்குளத்துக் கல்யாண மண்டபத்தில் அவருடைய பரிகார முகாம். சிமெண்டுக் கடைக்காரர், டிராவல்ஸ்காரர், சமையல் காண்ட்ராக்டர் என்று வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. முகப்புப் பக்கத்தின் ஈசானிய மூலையில் பிள்ளையாரை வைத்தால் வாடிக்கையாளர் குவிவார்களாம். மானிட்டரைத் திருப்பி வைத்தால் மூலையும் திரும்பிவிடுமே என்ற சந்தேகம் பட்டதாரிகளுக்குக்கூட வரவில்லை. பக்தி வந்த இடத்தில் திசைகாட்டிக்கு என்ன வேலை?

அன்று மேடையில் காட்டப்பட்ட சாதனை அமுதவல்லியின் இணையப் பக்கம். வைத்திக்குப்பத்தில் கடலைப் பார்த்த சின்ன விடுதி அவளுடையது. புருஷன் செத்த பிறகு அதுதான் சோறு. புத்தாண்டுக்கு ஊரே நிரம்பி வழியும். இந்த வருஷம் அவளிடம் ஓர் அறைகூடப் பதிவாகவில்லை. இப்படியே போனால் ஜனவரியில் விடுதியைப் பூட்ட வேண்டியதுதான். பெரிய திரையில் மட்டும் பார்வையாளர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. மண்டபம் கைதட்டியது.

"பாரும்மா, உலகமே உன் வாசல்ல நிக்குது," என்றார் சித்தர்.

"நிக்கிறவங்க உள்ள வரலியே, சாமி," என்றாள் அமுதவல்லி.

"கர்மா கரையணும். இன்னொரு ஹோமம் பண்ணிடலாம்."

அமுதவல்லி தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த நாத்தனார் கலைவாணி ஆட்டவில்லை.

"அண்ணி, உங்க போன் நம்பர் எங்க? காணோமே."

"கூட்டினா எட்டு வருதாம். சனி. சாமி எடுத்துட்டாரு."

"விலாசம்?"

"கதவு நம்பரும் எட்டுதான். அதையும் எடுத்துட்டாரு."

"அப்ப ரூம் வேணும்னா இன்னா பண்ணுவாங்க? பீச்சுல நின்னு உங்க பேரச் சொல்லிக் கத்தணுமா?"

முன்வரிசை சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை. "எட்டை வெச்சிருந்தா இந்த எண்ணிக்கை வருமா, தாயி? கண்ணாலதானே பாக்குற."

"நல்லாவே பாக்கலாம், சாமி."

கலைவாணி மேடையேறினாள். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த இன்டர்நெட் வயரைப் பிடுங்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

"வயரே இல்ல. இப்ப யாரு வர்றாங்க?"

"அது அருள் அலை," என்றார் சித்தர்.

பின்வரிசையில் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நம் ஆட்களை அவ்வளவு சுலபமாகக் காப்பாற்றிவிட முடியாது.

சிமெண்டுக் கடைக்காரருக்குத்தான் முதலில் வியர்த்தது. "அப்ப என் பக்கத்துல ஏறுறதும் சும்மாவா?"

சும்மாதான். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தானாகக் கூடிக்கொண்டே போகும்படி சித்தர் செய்துவைத்த எண்ணிக்கை அது. மண்டபத்துக்கு இது உறைப்பதற்குள் அவர் பின்கதவைத் தாண்டிவிட்டார். அந்தக் கதவு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

அண்ணியும் நாத்தனாரும் நேராகச் சாரம் பகுதிக்குப் போய், ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, போன் நம்பர், விலாசம், அறைகளின் படம், வாடகை எல்லாவற்றையும் பக்கத்தில் ஏற்றினார்கள். மறுநாள் காலை சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"நம்பரைத் தேடித் தேடி அலுத்துட்டேங்க. புத்தாண்டுக்கு எங்க ஆபீசுக்கு ரூம் எல்லாமே வேணும்."

செய்தி பரவியது. அடுத்த வாரம் அதே வியாபாரிகள் விடுதி வாசலில் கூடி, கலைவாணியைப் பார்த்ததும் கும்பிட்டார்கள்.

"அம்மா, உங்க கை ராசியான கை. எங்க கடை வயரையும் நீங்களே வந்து புடுங்கிக் குடுக்கணும்."



"என் கை இருக்கட்டும்யா. உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அது குனியறதுக்கு மட்டுமா?"