எண்பது வயதுத் துப்பாக்கிக்காரர்

டிவி திரையின் மூலையில் மின்னிக்கொண்டிருந்த கடிகாரம் மூன்று வருடம் பின்னால் ஓடியது. ஐந்து நிமிடம் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். இது மூன்று வருடம்.

ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த வாரமே சுவர்க் கடிகாரம், அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரம், வாசல் காவலாளியின் டைம்பீஸ் எல்லாவற்றையும் ரயில்வே நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மிச்சம் இருந்தது மருமகளின் வீடியோ கேம் பெட்டி ஒன்றுதான். அதை அவள் எப்போதும் அணைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இன்று அணைக்கவில்லை.

"மாமா, கேமை நிறுத்தி வச்சிருக்கேன். கடைசிக் கோட்டை. இன்னைக்குச் சாயங்காலம் நாலாம் பாகம் வருது, மூணாம் பாகம் முடிச்சவங்களுக்குத்தான் அது திறக்கும். வேற எதை வேணா தொடுங்க, அதை மட்டும் தொடாதீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மற்ற நாட்களில் "சாப்டீங்களா மாமா" என்று கேட்பாள். அவர் "ஆச்சும்மா" என்பார். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரையோ சுட ஆரம்பித்துவிடுவாள்.

அவளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஓய்வு பெற்றதும் முதலில் மகள் வீட்டில்தான் இருந்தார். மாப்பிள்ளை வேண்டுமென்றே வேகமாக வைத்திருந்த அலாரத்தை அவர் சரிசெய்து வைக்க, மாப்பிள்ளை விமானத்தைக் கோட்டைவிட்டார். மறுநாள் மகள் ரொம்பப் பிரியமாக, "அண்ணனைப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணலையாப்பா?" என்று கேட்டாள். இங்கேயும் அப்படி ஆகிவிட்டால் அடுத்தது தம்பி வீடு. தம்பி வீட்டில் கடிகாரமே கிடையாது.

ஆகவே அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அடுப்பங்கரைக்குப் போய் நின்றார். அங்கிருந்தும் அது தெரிந்தது.

கடைசியில் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்து, கடிகாரத்தை மட்டும், வேறு எதையும் தொடாமல், சரிசெய்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக வீடு முழுக்க ஒரே நேரம். அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

அந்த கேமுக்குக் 'காலங்கெட்டவன்' என்று பெயர். அதன் நாயகன் ஒரு துப்பாக்கியோடு யுகம் யுகமாகத் தாவுவான். குண்டு பட்டால் யாரும் சாக மாட்டார்கள், வயது குறைந்துவிடும். மீசை வைத்த தளபதி, பட்ட இடத்திலேயே குழந்தையாகித் தவழ்ந்து போய்விடுவான். ஆடுகிறவர் கண்ணுக்கு நாயகனின் கைகள் மட்டும்தான் தெரியும். இன்று காலைவரை அவை கட்டுமஸ்தான கைகள். இப்போது திரையில் தெரிந்தவை சுருக்கம் விழுந்து, நரம்பு புடைத்து, நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு கையில் துப்பாக்கி, இன்னொன்றில் ஊன்றுகோல்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. குழாய்க்காரர்.

"கிச்சன் குழாய் ஒழுகுதுன்னு அக்கா வரச்சொன்னாங்க சார்."

ஒழுகியதாக அவருக்கு நினைவில்லை. இருந்தாலும் இப்போது குழாயா முக்கியம்? உள்ளே விட்டார். குழாய்க்காரர் குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு, ஸ்பேனரோடு கூடத்துக்கு வந்து டிவி முன்னால் நின்றார்.

"என்ன சார், நல்லா இருந்தவனை இப்படிக் கிழவனாக்கிட்டீங்க?"

பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நாயகனுக்கு வயதாகும் என்றும், நமக்கு ஒரு வருடம் அவனுக்கு இருபது வருடம் என்றும், பழையபடி திருப்பி வைத்தால் வாலிபம் வந்துவிடும் என்றும் குழாய்க்காரர் விளக்கினார். எந்த வேலைக்காக வந்தோம் என்பதை அவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பழையபடி என்றால் எப்படி? அந்தத் தப்பான நேரம் என்னவென்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஞாபகமே இல்லை. சரியான நேரம் ஒன்றே ஒன்று. அதை அவர் வாழ்நாள் முழுக்க மனதில் வைத்திருந்தார். தப்பான நேரங்களை யார் மனப்பாடம் செய்வார்கள்? தெரிந்தே ஒரு கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது அவர் இதுவரை செய்யாத காரியம். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது.

திரையில் இரண்டு கொழுகொழு கைகள் தெரிந்தன. துப்பாக்கியைத் தூக்க முடியாமல் அவை அதை நழுவவிட்டன. விழுந்த துப்பாக்கி தானாக வெடித்து, குண்டு சுவருக்குச் சுவர் தெறித்து, கோட்டையில் இருந்த அத்தனை வீரர்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. அடுத்த கணம் கோட்டை முழுக்கக் குழந்தைகள். எல்லாம் பசியோடு.

அழுகைச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று டிவி ரிமோட்டை எடுத்து அழுத்தினார். பதற்றத்தில் கூட்டிவிட்டார்.

கீழ்வீட்டு அம்மா மூச்சுவாங்க மேலே ஏறி வந்தார். வாயெல்லாம் பல்.

"சொல்லவே இல்லையே நீங்க? எத்தனை குழந்தை?"

"ஒரு கோட்டை நிறைய" என்றார் குழாய்க்காரர்.

அந்த அம்மா அதைப் பாதிதான் காதில் வாங்கினார். கீழே ஓடிப்போய், பேரனுக்கு வாங்கிய வயிற்றுவலி மருந்தைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மாஸ்டர் கையில் திணித்துவிட்டு, மற்ற வீடுகளுக்கும் தகவல் சொல்லப் புறப்பட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மகனுக்குப் போன் போட்டார். மகன் கிசுகிசுத்தான்.

"மீட்டிங்ல இருக்கேம்ப்பா. அவ கேமைத் தொட்டுடாதீங்க." போனில் குழந்தைகள் வீறிடும் சத்தம் அவனுக்கும் கேட்டது. "தொட்டுட்டீங்களா? அப்ப அவ வர்றதுக்குள்ள நீங்களே முடிச்சு வச்சிடுங்க. எனக்கு எதுவும் தெரியாது." வைத்துவிட்டான்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். தப்பான நேரத்தில் இருந்துகொண்டு ஒரு காரியமும் அவருக்குச் சரியாக நடந்ததில்லை. கடிகாரத்தை மறுபடியும் சரியான நேரத்துக்கே வைத்தார். குழந்தைகள் மறைந்தன, வீரர்கள் காவலுக்கு வந்தார்கள், நாயகன் ஊன்றுகோலோடு கோட்டை வாசலில் நின்றான். எண்பது வயது என்றால் எண்பது வயது. நடக்க ஆரம்பித்தார்.

"சுட்டுடுவாங்க சார்" என்றார் குழாய்க்காரர். "எல்லாரும் இங்கதான் தோத்துப்போவாங்க."

முதல் வாசல் வீரன் துப்பாக்கியை உயர்த்தினான். நடுங்கும் கைகளைப் பார்த்தான். தாழ்த்தினான். கதவைத் திறந்துவிட்டு, படி இருக்கிறது, பார்த்து வாருங்கள் என்றான். இரண்டாம் வாசலில் ஒருவன் நாற்காலி போட்டான். மூன்றாம் வாசலில், உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, துணைக்கே வந்தான். பிளாட்பாரத்தில் நடந்து பழகிய அதே நிதானத்தோடு ஸ்டேஷன் மாஸ்டர் போய்க்கொண்டிருந்தார். சமையலறைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குழாய்க்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசி அறையில் வில்லன். மலை மாதிரி உருவம். எதிரே வந்து நிற்கிற கிழவனைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், தூணில் சாய்ந்து சிரித்தான். தன் துப்பாக்கியையே கீழே போட்டுவிட்டான்.

"சுடுங்க சார், இப்பச் சுடுங்க."

"சிரிக்கிறவனை எப்படிப்பா சுடறது?"

ஆனால் நடுங்கிய விரல் தானே அழுத்திவிட்டது. மலை கரைந்தது. அது நின்ற இடத்திலிருந்து ஒரு குழந்தை தவழ்ந்து வந்து, திரையில் தெரிந்த அந்தச் சுருக்கம் விழுந்த விரலைப் பிடித்துக்கொண்டு பொக்கைவாயைக் காட்டியது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் கையைக் குனிந்து பார்த்தார். அதே நரம்பு, அதே சுருக்கம். கோட்டை மணி அடித்தது, வாண வேடிக்கை வெடித்தது. எழுந்து நின்று ஜாய்ஸ்டிக்கைப் பச்சைக் கொடி மாதிரி ஆட்டினார்.

ஆட்டிக்கொண்டே திரும்பினார். வாசலில் மருமகள் நின்றிருந்தாள்.

கொடி இறங்கியது. மேலதிகாரி சோதனைக்கு வந்த மாதிரி விறைப்பாக நின்று, கடிகாரத்தைத் தொட்டதிலிருந்து வயிற்றுவலி மருந்துவரை ஒன்றுவிடாமல் சொன்னார். மாப்பிள்ளையின் விமானத்தையும் சேர்த்தே சொன்னார். தம்பிக்கு இப்போதே போன் செய்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா. முடிச்சிட்டீங்களா?"

"அது... தெரியாம முடிஞ்சுபோச்சும்மா. அவன் சிரிச்சான்."

மருமகள் பையிலிருந்து புது ஜாய்ஸ்டிக் ஒன்றை எடுத்தாள்.

"நாலாம் பாகத்துல ரெண்டு பேர் சேர்ந்து ஆடணும். ரெண்டு பேருமே மூணாம் பாகத்தை முடிச்சிருக்கணும். உங்க பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம் பார்த்தாலே தலை சுத்துது. இந்தாங்க, இது உங்களுக்கு."

அவர் வாங்கிக்கொண்டார். தம்பி வீடு கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"அப்ப உன் ஆட்டம் போயிடுச்சேம்மா? நீ முடிக்கவே இல்லையே?"

மருமகள் ஜாய்ஸ்டிக்கின் அட்டைப் பெட்டியை மடிப்பதில் திடீரென்று ரொம்ப மும்முரமாகிவிட்டாள்.

தரையிலிருந்து எழுந்த குழாய்க்காரர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டே அவளிடம் கேட்டார்:

"அக்கா, நீங்க எப்பவோ முடிச்சிட்டீங்கன்னும், குழாய்ல ஒரு ரிப்பேரும் இல்லைன்னும் இப்ப சார்கிட்ட சொல்லிடலாமா, இல்ல நாளைக்கும் வரணுமா?"