கஞ்சிக்கு எட்டு முன்னே பின்னே

கரண்டியை நான் எறியவில்லை. வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா குழாயை மூடிவிட்டுக் காது கொடுக்கிற அளவுக்குச் சத்தமாக வைத்தேன்.

பின்னே என்ன? "பாப்பா தூங்கவே விடலைங்க" என்று பெண்டாட்டி சொன்னால் ஒரு மனுஷன் "அடடா" என்று சொல்லணும். என் வீட்டுக்காரர் "எத்தனை நாளா?" என்றார்.

"எப்பவும்தான்."

"எப்பவும்னு ஒரு எண் கிடையாது."

அவர் வேலை அப்படி. சர்வே கம்பெனி. எந்த சோப்பு பிடிக்கும், எந்தப் பற்பசை பிடிக்கும் என்று வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்பார்கள். இவர் உட்கார்ந்து கணக்குப் போடுவார். முகம் தெரியாத நானூறு பேர் சொன்னால் நம்புவார். கட்டினவள் சொன்னால், "நீ ஒரே ஆள்தானே!"

போனிலும் அதே பேச்சு. "நூத்துக்கு அறுபது பேருக்குப் பிடிச்சிருக்கு சார். அஞ்சு முன்னே பின்னே." அதென்ன முன்னே பின்னே என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"எல்லாரையும் கேட்க முடியுமா? கொஞ்சம் பேரைத்தான் கேட்கறோம். அதனால உண்மை அம்பத்தஞ்சுக்கும் அறுபத்தஞ்சுக்கும் நடுவுல எங்கேயாவது இருக்கும்."

"கட்டாயம் இருக்குமா?"

"இப்படி நூறு சர்வே எடுத்தா தொண்ணூத்தஞ்சு சரியா இருக்கும்."

"மீதி அஞ்சு?"

"தவறிப்போகும். அதைத் தப்புன்னு சொல்லக் கூடாது. அது பிழை வரம்பு."

இவர் தவறினால் வரம்பு. நான் வடித்த சோறு குழைந்தால் மட்டும் தப்பு. வயிறு எரியுமா எரியாதா?

இந்த எரிச்சலோடு இருக்கும்போதுதான் தெருமுனைத் தையல் கடை அக்கா கூப்பிட்டார். "சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வர்றியா? ஒரு மெஷின் சும்மா கிடக்கு. வாரக் கடைசிக்குள்ள சொல்லிடும்மா, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

கல்யாணத்துக்கு முன்னால் தையலில் பழகின கை இது. இப்போது பால்புட்டி கழுவத்தான் பழக்கம். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. மெஷின் முன்னால் வாயே வேண்டாம். அதனால்தான் அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போயேன், யாரு வேண்டாங்கறா?" என்றார் பெரிய மனசோடு. "ஆனா சாயங்காலம் பாப்பாவுக்குக் கஞ்சி யார் ஊட்டறது?"

"நீங்கதான்."

"நான் ஊட்டினா சாப்பிடாதே!"

"ஊட்டிப் பார்த்தீங்களா?"

"பார்க்கறேன். பார்த்துட்டு ஒரு எண்ணாச் சொல்றேன்."

நாலு நாள் ஊட்டினார். நான் துணி மடிக்கும் நேரமாகப் பார்த்து ஊட்டினார். நாலாம் நாள் முகத்தில் ஒரு சந்தோஷம். மேல்சட்டையில் கஞ்சி.

"நாலுக்கு நாலு துப்பிடுச்சு. நூத்துக்கு நூறு! நான் என்ன பண்ணட்டும்? அக்காகிட்ட முடியாதுன்னு சொல்லிடு."

எனக்கு அழுகை முட்டியது. மூஞ்சி கழுவலாம் என்று தொட்டிப் பக்கம் போனேன். அங்கே பால்புட்டி. காலி. இன்னும் வெதுவெதுப்பு ஆறவில்லை.

"ஏங்க, இதை யார் கொடுத்தது?"

"அழுதுது, அதான்..."

"எப்போ?"

"கஞ்சிக்கு முன்னால."

"நாலு நாளுமா?"

வாயைத் திறக்கவில்லை. அப்பனும் பிள்ளையும் அதில் ஒரே மாதிரி.

வயிறு முட்டப் பாலைக் கொடுத்துவிட்டு மூஞ்சிக்கு நேரே கரண்டியை நீட்டியிருக்கிறார்! அது துப்பாமல் என்ன செய்யும்? எனக்கு வந்த கோபத்தில் அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"போன மாசம் போன்ல ஒருத்தனைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? 'சோப்புக் கம்பெனிக் கடை வாசல்லயே நின்னு அவங்க சோப்பு நல்லாருக்கான்னு கேட்டா, வாங்க வந்தவன் வேற என்னய்யா சொல்லுவான்'னு? அவனை வேலையை விட்டே அனுப்பறேன்னீங்க. உங்களை எங்கே அனுப்பறது?"

"கத்தாதே. பக்கத்துல கேட்கும்."

"கேட்கட்டும்! சரி, பாலை விடுங்க. நாலே தரம் ஊட்டியிருக்கீங்க. இதுக்கு எத்தனை முன்னே பின்னே?"

அவர் நெளிந்தார். பொய் சொல்லலாம். ஆனால் கணக்கில் பொய் சொன்னால் அவருக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டியிடம் சொன்னால் இறங்கும்.

"குத்துமதிப்பா... அம்பது."

"அம்பதா! அப்போ பாதி நாள் நல்லாவும் சாப்பிடலாம்?"

"சாப்பிடலாம்... கணக்குப்படி."

"இதை உங்க ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுப்பீங்களா?"

"இதையா? நாலு பேரைக் கேட்டுட்டு வந்தவனை நான் வாசப்படி ஏறவிட மாட்டேன்!" தன் கம்பெனி மானம் என்றதும் மனுஷனுக்கு வீரம் வந்துவிட்டது. "நூறாவது வேணும். நூறு இருந்தா முன்னே பின்னே பத்துக்குள்ள வந்துடும்."

"அப்போ நூறு தரம் ஊட்டுங்க. பால் கொடுக்காம, பசிக்கிற நேரத்துல."

"நூறா!"

"நான் சொல்லலைங்க. நீங்கதான் சொன்னீங்க."

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று முடிவானது. முதல் நாள் நான் பக்கத்தில் நின்றேன். பாப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. "நீ நிக்காதே!" என்று சீறினார். "பதில் சொல்றவங்க பக்கத்துல வேற ஆள் நின்னா பதில் மாறிடும். எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். கண்ணுல படாம எங்கேயாவது போ."

எங்கேயாவது போகச் சொன்னார். போனேன்.

காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து என் தட்டுச் சோற்றைச் சூடாகத் தின்றேன். பாப்பா பிறந்த பிறகு சூடான சோறு எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. சாயங்காலம் தையல் கடை. அக்காவிடம் சரி என்று அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. என்னை அவர் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எத்தனை கரண்டி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்பதிலேயே மூழ்கிக் கிடந்தார். பாப்பா கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் பழகிவிட்டது. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துவிடும்.

நூறாவது தரம் முடிந்த சாயங்காலம் அவர் என்னைத் தேடியிருக்கிறார். மாடிப்படியில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "தையல் கடையிலே பாருங்க தம்பி. தினமும் அங்கேதானே போறா!"

இடுப்பில் பாப்பாவோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. கடையில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது.

"என்னை ஏமாத்திட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கியா? யாரைக் கேட்டு வந்தே?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார் அக்கா. "யாரும்மா இவரு?"

"வீட்டுக்காரர்க்கா."

"ஓ, நீங்கதானா சார்? உங்க கையால ஊட்டினா குழந்தை சாப்பிடவே சாப்பிடாதாமே? அப்படித்தான் சார் சில ஆம்பளைங்களுக்குக் கை ராசி இருக்காது. பாவம், இவளை வேணா நாளையிலேருந்து நிறுத்திடட்டுமா?"

என் வேலை போச்சு என்று நினைத்தேன். அவருக்கோ வேறெங்கோ சுட்டுவிட்டது.

"யாரு சொன்னா சாப்பிடாதுன்னு? நூறு தரம் ஊட்டியிருக்கேன்! நூத்துக்கு எண்பது! எட்டு முன்னே பின்னே! மோசமாப் போனாக்கூட எழுபத்திரண்டுக்குக் கீழே இறங்காது. யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து கணக்குப் பார்க்கச் சொல்லுங்க!"

"அடேங்கப்பா! அவ்வளவு நல்லா ஊட்டறீங்களா? அப்போ இவளைப் பத்திக் கவலையில்லை. கடை சாத்தற வரைக்கும் இருக்கட்டும்."

என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இடுப்பில் இருந்த பாப்பா அவர் கன்னத்தைத் தட்டியது.

நான் பெடலில் காலை வைத்தேன்.

"அது சரி சார்," என்றார் அக்கா, "எண்பது உள்ளே போச்சு. மீதி இருபது எங்கே?"

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"இங்கேதான்."