ஐந்தாம் நாள் உபயம்

ரோமாபுரியின் செனட் சபையே எழுந்து நின்று கேட்கும்படி ஒரு மேல்முறையீட்டு மனு எழுதுவதென்று தீர்மானித்தேன். கேட்கப்போவது எங்கள் தேவாலயப் பங்கின் தோமினிக் சாமியார் ஒருவர்தான். அதற்காகத் தரத்தைக் குறைக்க முடியுமா? நான் சூரமங்கலத்தில் சரித்திர ஆசிரியன்.

விஷயம் இதுதான். என் மகள் செல்வமேரி திருச்சியில் பி.எஸ்ஸி. படிக்கிறாள். கடைசி வருஷம். கல்லூரிச் சம்பளம், விடுதிச் செலவு இரண்டையும் போன வருஷம் பங்கின் கல்வி நிதி முழுதாக ஏற்றது. இந்த வருஷம் பாதிதான் என்று கடிதம் வந்துவிட்டது. காரணம், ‘குடும்பத்தின் வசதி பெருகியிருப்பதால்’. மறுபாதிக்கு வழியில்லாவிட்டால் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

வசதி எப்படிப் பெருகியது? அந்தோணியார் திருவிழாவில் இந்த ஆண்டு ஐந்தாம் நாள் உபயம் நான் செய்தேன். பேண்டு வாத்தியம், சப்பரம் மறையும் அளவுக்கு மல்லிகை, வந்தவர்களுக்கெல்லாம் பொங்கல். கைக்கடிகாரத்தை அடகு வைத்துச் செய்தது. “இன்றைய உபயகாரர் ஆசிரியர் உபகாரசாமி” என்று சாமியாரே ஒலிபெருக்கியில் அறிவித்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை கேட்டது. கல்வி நிதிக்கும் கேட்டுவிட்டது. ஏனென்றால் அதன் தலைவரும் அவரே.

“ஏனுங்க, நேத்திருந்து என்னத்த எழுதறீங்க?” என்றாள் என் மனைவி சகாயம்மாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி.

“மனு.”

“இத்தன பக்கமா?”

“முதல் அத்தியாயம் கல்வியின் தோற்றம். இரண்டாவது கொடையின் தோற்றம்.”

“நம்ம புள்ள எப்ப வருதுங்க?”

“நான்காவதில்.”

“அதுக்குள்ள காலேசு தொறந்துருமுங்க. நேர்ல போயிக் கேட்டுப்போடலாம்.”

“என்னவென்று கேட்பாய்?”

“குடுங்கன்னு.”

நான் பரிதாபமாகச் சிரித்தேன். இருவரும் புறப்பட்டோம்.

சாமியார் என் மனுவைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “வாத்தியாரே, இத நான் ஓய்வு பெற்றதும் படிக்கிறேன். இப்ப சுருக்கமாச் சொல்லுங்க.”

சுருக்கம் எனக்குப் பழக்கமில்லை. கிரேக்கத்தில் தொடங்குவதா, ரோமில் தொடங்குவதா என்று யோசித்தேன். அந்த இடைவெளியில் சகாயம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“ஸ்தோத்திரம் சாமி. ஒரு சந்தேகமுங்க.”

“கேளும்மா.”

“புள்ள படிச்சு முடிக்கிற மட்டும் உதவி முழுசாக் கெடைக்கோணும், ஒரு நாள் உபயம் செஞ்சுபோடறேன்னு போன வருசம் அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டேனுங்க. செஞ்சும் போட்டோம்.”

“நல்லாவே செஞ்சீங்க.”

“பேண்டுக்காரங்க பாதிப் பாட்டுல நிறுத்துனாங்களா?”

“இல்லையே.”

“சப்பரம் பாதித் தெருவுல நின்னுச்சுங்களா?”

“இல்லம்மா.”

“அப்பறம் உதவி மட்டும் ஏனுங்க பாதியில நிக்குது? அது கெடச்சதாலதான் உபயமே செஞ்சோம். உபயத்தப் பாத்து உதவியக் கொறச்சீங்கன்னா, அந்தோணியாருகிட்ட நான் என்னன்னு சொல்றது? நீங்களே சொல்லிப்போடுங்க சாமி. உங்க பேச்சுன்னா அவரு கேப்பாரு.”

சாமியார் சுவரில் இருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அலெக்சாந்தர் குதிரையை அடக்கிய கதையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். குதிரை அடங்கும்போது அதன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் கண்டேன். இந்தப் பெண்ணுக்கா நான் தினமும் செய்தித்தாளுக்கு விளக்கம் சொல்லி வந்தேன்?

“இந்தம்மா எது வரைக்கும் படிச்சிருக்காங்க, வாத்தியாரே?”

“எட்டாவதுங்க சாமி” என்று அவளே பதில் சொன்னாள்.

“நல்லவேளை” என்றார் சாமியார். “முழு உதவின்னே எழுதிடறேன். மத்த உபயகாரங்களுக்கு மட்டும் இந்த வழியச் சொல்லிக் குடுத்துடாதே தாயி.”

வெளியே வந்தோம். பிரமிப்பு அடங்கியதும் எனக்குள் இருந்த சரித்திர ஆசிரியன் விழித்துக்கொண்டான்.

“சகாயம், உபயம் செய்வதென்று முடிவெடுத்தவன் நான். கணக்கு வாத்தியார் ஞானதாஸ் போன வருஷம் செய்தாரே என்ற ரோஷத்தில். இதில் உன் நேர்ச்சை எங்கே வந்தது?”

“‘ஞானதாசு வாத்தியாரு செஞ்சுபோட்டாரு, நம்மளால எங்க ஆகப்போகுது’ன்னு சோறு போடறப்பல்லாம் சொன்னது யாருங்க?”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என் வாழ்நாளின் மாபெரும் சுயமுடிவு அது.

“சரி. இன்றைக்கும் ஏதாவது நேர்ந்துகொண்டாயா?”

“ஒரு கட்டு மெழுகுவத்திங்க.”

“எதற்கு?”

“சாமியாரு முன்னால நீங்க வாயத் தொறக்காம இருக்கோணும்னு.”

கோயில் வாசல் கடையில் நின்று அவள் ஒரு கட்டை எடுத்தாள். பெரிய கட்டு. அந்த நேர்ச்சையின் காலம் முடிந்துவிட்டதா என்று தெரியாததால், நான் விலைகூடக் கேட்காமல் காசை எடுத்து நீட்டினேன்.