இருபத்தோராவது பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினைந்து வருடமாக யோசித்திருக்கிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். எட்டாவது வரை படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். எழுதினால் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டி வரும், அந்தப் பயம்தான். இப்போது பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுகிறேன்.

இந்த மலையில் ஸ்பேனரைத் தொடாமலே வண்டிகளை ஓட வைத்த மெக்கானிக் ஒரே ஒருவர்தான். கூடலூர் பஜாரில் அவருக்குப் பெயர் 'விசாரணை'. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். வண்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டால், காதுவரை இழுத்த குல்லாயும் வெறுங்கையுமாக வருவார். ஒரு மணி நேரம் கேள்வி. அப்புறம்தான் பானெட்டைத் திறப்பார். "வண்டி எதையும் மறைக்காதுங்க. கூட இருக்கறவங்கதான் மறைப்பாங்க" என்பார்.

எத்தனை மைல் ஆனாலும் நடந்துதான் வருவார். ஏன் என்று கேட்டால், "வண்டிக்கு உள்ளார என்னென்ன இருக்குதுன்னு தெரிஞ்சவனுங்க நானு. எப்படி ஏறுவேன்?"

ஒரு தடவை அரிசிக்கடை பாயின் வேன் கிளம்பவில்லை. விசாரணை வந்து வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க பாய், ஊட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"மச்சான் வந்தாரு. நேத்துப் போனாரு. அதுக்கும் வேனுக்கும் என்னப்பா?"

"எதுல போனாரு?"

"அவரு பைக்குல."

"அப்ப பெட்ரோலும் கூடவே போயிருக்குதுங்க."

டேங்க்கைத் திறந்து குச்சியை விட்டால், குச்சி காய்ந்தபடியே வந்தது. அந்த மச்சான் அடுத்த பெருநாளுக்கு பஸ்ஸில் வந்தார்.

அப்போது நான் ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் டிரைவர். பறித்த தேயிலைக் கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து ஃபேக்டரிக்குக் கொண்டு போவது என் வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், மூட்டைகளோடு கிளம்பிய டிராக்டர் இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது. பேட்டரி மாற்றினோம். ஃபில்டரைக் கழுவினோம். இறக்கத்தில் தள்ளினோம். பெருமாளையும் முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டேன். டேங்க் நிறைய டீசல், குழாயைக் கழற்றினாலோ நாலு சொட்டு வந்து நின்றுவிடும். மேலே தூறல், மூட்டைக்குள் கொழுந்து சூடேறிக் கொண்டிருந்தது. மத்தியானம் தாண்டினால் சிவந்துவிடும். பிறகு குப்பைதான்.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடம் ஆன பிறகும் மேனேஜர் எங்களுக்குத் துரைதான்.

"எவனோ கைய வெச்சிருக்கான். யாருன்னு தெரியட்டும், அவன் இன்னைக்கே லைன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகணும்" என்றார்.

தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுத்த அந்த வீட்டில் என் மனைவியும் இரண்டு கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

பதினோரு மணிக்கு விசாரணை நடந்து வந்து சேர்ந்தார். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா எப்பங்க நல்லா ஓடுச்சு?"

"பூஜைக்கு முந்தின நாளுங்ணா."

"அப்புறம்?"

"டீசல் ரொப்பி, குளுப்பாட்டி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, பூசணிக்கா ஒடச்சனுங்க."

"எத்தனை பொட்டு?"

தள்ளி நின்றவர்கள் சிரித்தார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்தொண்ணுங்க."

"எண்ணிக் காட்டுங்க."

கொழுந்து சூடேறுகிறது, இந்த மனிதர் பொட்டு எண்ணச் சொல்கிறார்! சக்கரத்துக்கு எட்டு, முன்னால் மூன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பொட்டுக்கும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருபத்தோராவது பொட்டு டீசல் டேங்க் மூடியின் நட்ட நடுவில் இருந்தது. என் மனைவி அரைத்துக் கொடுத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாவற்றிலும் பெரிய பொட்டு. மூன்று நாளைக்குப் பொட்டைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் காலையிலிருந்து அந்த மூடியைத் தொடவும் இல்லை, யாரையும் தொட விடவும் இல்லை.

விசாரணை பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, "துரை, முன்னால வளைவுல கல்லுகில்லு உருண்டு கெடக்குதான்னு எல்லாரும் பாத்துட்டு வாங்க. கெளம்புனா நிக்காது" என்றார். துரையே நடந்து போனார் என்றால் பாருங்கள்.

அவர்கள் வளைவு திரும்பியதும் மாலையிலிருந்து ஒரு காம்பை உருவி, பொட்டின் நடுவில் மெதுவாகக் குத்தினார். ஷெட்டுக்குள் சிமெண்டு போலக் காய்ந்து, தூறலுக்கும் கரையாமல் இருந்த சந்தனம் உடைந்தது. உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் கடுகளவு ஓட்டை! காற்று உள்ளே போனால்தான் டீசல் வெளியே வரும். எத்தனையோ வருடம் ஓட்டியும் அது என் கண்ணில் படவில்லை.

நான் துரை போன பக்கம் திரும்பிப் பார்த்தேன். விசாரணை என் காதோரம் வந்து சொன்னார்: "சாமிக்கு வெச்சதுல தப்பில்லீங்க. ரெண்டு வெரலு தள்ளி வெச்சிருக்கலாம். அதுவும் மூச்சு உடோணுமில்ல?"

டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டிராக்டர் உறுமியது. துரை ஓடி வந்தார்.

"என்னய்யா கோளாறு? யார் பண்ணினது?"

"யாருமில்லீங்க. ரோட்டுத் தூசி. மூடியில அடைச்சுக்கிச்சு."

"ஒரு வாரமா மழை பெய்யுது, தூசியா?"

"மழைக்கு முந்தின தூசிங்க, துரை."

துரை ஜீப்பில் ஏறிப் போனார். கொழுந்து சிவக்காமல் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த லைன் வீட்டிலேயே இன்னும் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அங்கிருந்துதான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு விசாரணை, கூப்பிடாமலே நடந்து வந்தார். சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, மூடியில் இரண்டு விரல் தள்ளி அவரே பொட்டு வைத்தார். கும்பிட்டார். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத் திரும்ப நடந்தார். நடக்க முடிந்த வரைக்கும் ஒவ்வொரு வருடமும் வந்தார். ஊரையே குறுக்குக் கேள்வி கேட்ட மனிதர், என்னை அப்புறம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. ஓவேலிப் பக்கம் இன்றும் இந்தக் கதையைத் தூசிக் கதை என்றுதான் சொல்கிறார்கள். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியதை எழுதியபடியே சொல்லுங்கள். அது தூசி இல்லை, சந்தனம். வைத்தவன் நான்.