இல்லாத முதலை

ஒரு காட்டில் செல்போன் டவர் வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே யாரும் யாரிடமும் நேரில் எதையும் கேட்பதில்லை. எதுவானாலும் 'கேள் காடே' என்கிற தளத்தில்தான். ஒருவர் கேள்வி போடுவார், தெரிந்தவர் பதில் போடுவார், மற்றவர்கள் அந்தப் பதிலுக்கு ஓட்டுப் போடுவார்கள். முன்பெல்லாம் இதற்குக் கரடி பவுலு நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது தூக்கணாங்குருவிகள் கூடி உட்கார்ந்து அதைப் போனுக்கான ஆப்பாகப் பின்னிக் கொடுத்துவிட்டன.

அவசரமாகப் பின்னியதில் சில வசதிகள் விட்டுப்போயின. போட்ட பதிலைத் திருத்த முடியாது. அழிக்க முடியாது. அதே கேள்விக்கு இன்னொரு பதில் போடவும் முடியாது. ஆனால் ஓட்டுப் போட்டால் திரை முழுக்கப் பூ கொட்டும். அதில் எல்லோருக்கும் பரம திருப்தி.

அந்த ஆப்பில் பெரிய புள்ளி, உடும்பு வரதராசு. எந்தக் கேள்வி வந்தாலும் இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிடும். நீளமாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரியாது என்பது அதன் கட்சி.

ஒரு நாள் காலையில் கடமான் செங்கமலம் ஒரு கேள்வி போட்டது. வெள்ளத்தில் அதன் கன்று அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. கன்று பசியில் கத்துவது இக்கரை வரைக்கும் கேட்டது.

"மருதமரத் துறையில இறங்கலாமா? அங்க முதலை எப்படி? யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க."

வரதராசுவுக்கு அந்தத் துறை அத்துப்படி. கோதண்டம் என்கிற முதலை அங்கேதான் குடியிருக்கிறது. பாறைமேல் வெயில் காய்ந்தபடியே "முதலைத் தொல்லை" என்று தட்டி அனுப்பியது. போன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி அதை "முதலை இல்லை" என்று மாற்றிப் போட்டது.

வரதராசு கவனிப்பதற்குள் பூ கொட்ட ஆரம்பித்துவிட்டது. முயல்கள் ஓட்டுப் போட்டன. ஆற்றுப் பக்கமே போகாத ஆந்தை ஓட்டுப் போட்டது. குரங்குகள் கேள்வியைப் படிக்காமலே பூவுக்காகப் போட்டன.

உடும்பு உடனே தூக்கணாங்குருவி லோகேசைப் போனில் பிடித்தது.

"தம்பி, பதிலைத் திருத்தணும். பொத்தான் எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல இருக்குங்க சார். ஆப்புல அடுத்த வெர்ஷன்ல வருது."

"ஒரு உயிர் போயிரும்டா!"

"புரியுது சார். அதையே ஒரு கேள்வியாப் போடுங்க. நல்லா ஓட்டு விழுந்தா மேலிடத்துக்குக் கொண்டுபோறோம்."

போட்டது. 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று உடனே மூடிவிட்டார்கள். ஏற்கெனவே கேட்டது யார் என்று பார்த்தால், பாம்புக்கடி வைத்தியத்தில் பச்சிலை பேரை மாற்றிப் போட்டுவிட்ட ஒரு கீரி. அதற்கும் யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

இனி போனை நம்பிப் பயனில்லை என்று வரதராசு ஆற்றுக்கு ஓடியது. செங்கமலம் அதற்குள் முன்னங்காலைத் தண்ணீரில் வைத்திருந்தது.

"இறங்காதே தாயி! முதலை இருக்கு!"

"நீங்க யாரு?"

"அந்தப் பதிலைப் போட்ட வரதராசு நான்தான்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு போட்டீங்க?"

"நான் போடல. போன் போட்டுச்சு."

செங்கமலம் அதை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்கதான் வரதராசுன்னு எப்படி நம்புறது?"

வரதராசு போனை எடுத்தது. ஆப்பில் தன்னுடைய பக்கத்தைத் தானே பார்க்கும் வசதியும் இல்லை.

"நானூறு பேரு இல்லைங்கறாங்க, நீங்க ஒருத்தர் இருக்குங்கறீங்க. எம்புள்ள கத்துறது கேக்குதில்ல? வழியை விடுங்க" என்று செங்கமலம் அடுத்த காலையும் வைத்தது.

வேறு வழி தெரியாமல் உடும்பு அதன் பின்னங்காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மான் உதறியது. உடும்பு விடவில்லை. இந்த அமளியில் தண்ணீர் பிளந்து முதலைத் தலை ஒன்று மேலே வந்தது.

"என்ன சத்தம் இங்க?"

உடும்பு காலை விட்டுவிட்டு மருதமர வேர்களுக்குள் புகுந்துகொண்டது. செங்கமலம் ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் போனை நீட்டியது. "அண்ணே, நீங்க இங்க இல்லைன்னுல்ல போட்டிருக்கு."

கோதண்டம் படித்தது. திரும்பவும் படித்தது.

"நானூறு பேரு இதை ஒத்துக்கிட்டாங்களா?"

"இப்போ இன்னும் கூடியிருச்சுண்ணே."

"எங்கப்பன், பாட்டன் எல்லாரும் இந்த மடுவுலதான்…" என்று சொல்லிக்கொண்டே முதலை போனை வாங்கி, 'நான் இருக்கிறேன்' என்று தட்டிப் பார்த்தது. 'பதில் சொல்லும் தகுதி பெற, முதலில் உங்களுக்குச் சிலர் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்' என்றது ஆப். கோதண்டத்துக்கு இதுவரை யாரும் போட்டதில்லை.

"இதை எங்கதான் போய்த் திருத்துறது?"

கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் வரதராசுவால் சும்மா இருக்க முடியாது. வேர்களுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து வாழ்க்கையிலேயே நீளமான பதிலைச் சொன்னது: "கரடி பவுலு சென்டர்லங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம், மத்தியானத்துக்குள்ள போனீங்கன்னா கூட்டம் இருக்காது."

கோதண்டம் கரையேறியது. மானைத் திரும்பிப் பார்த்து, "இங்கயே நில்லு. நான் இருக்கேன்னு நிரூபிச்சிட்டு வந்து சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு மேட்டை நோக்கி நகர்ந்தது.

செங்கமலம் நிற்கவில்லை. ஒரே மூச்சில் அக்கரை சேர்ந்தது. கன்று முட்டி முட்டிப் பால் குடித்தது. கன்று குடித்து முடித்ததும் செங்கமலம் செய்த முதல் காரியம், அந்தப் பதிலுக்கு ஓட்டுப் போட்டது.

சென்டரில் பவுலு, பதில் போட்டவர் நேரில் வந்தால்தான் திருத்த முடியும் என்று சொல்லிவிட்டது. வரதராசு வரட்டும் என்று கோதண்டம் இன்னும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. துறையில் முதலை இல்லை.

குருவிகள் கூட்டம் போட்டு ஆராய்ந்தன. "முதலை இல்லைங்கற பதில் தப்புன்னு ஒரே ஒரு புகார்தான் வந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அந்தப் பதில் சரியாகவே இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு, திருத்தும் பொத்தான் தேவையில்லை என்று முடிவு செய்தன. வரதராசுவுக்கு 'உண்மை விளம்பி' பட்டம் கொடுத்தன. அது மறுக்கத்தான் நினைத்தது. மறுக்கும் வசதி ஆப்பில் இல்லை.

நீதி: தவறான பதிலைத் திருத்த வழியில்லையே என்று கலங்காதீர்கள், போதுமான பேர் ஓட்டுப் போட்டுவிட்டால், உண்மை தானே எழுந்து போய் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.