பட்டாபியின் காது மிஷின்

"ஏன்னா, காதுல என்ன அது?"

சுந்தரவல்லி அறைக்குள் வந்த வேகத்தில் பட்டாபிக்கு உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது. காதில் இருந்தது உயர்ரக இயர்போன். கப்பலில் வேலை பார்க்கும் சினேகிதர் அனந்தகிருஷ்ணன் சிங்கப்பூரில் வாங்கி வந்து, கல்கத்தாவில் இவருடைய கிடர்பூர் ஆபீசிலேயே கையில் கொடுத்துவிட்டுப் போனது. பட்டாபியோ, "இனிமே காதுக்குன்னு ஒரு சாமான் வாங்க மாட்டேன்" என்று போன வருஷம்தான் காளிகாட் கோயிலில் நின்று சத்தியம் செய்திருந்தார்.

காதுக்குள் முழுசாகப் புதைந்த தோல்நிறக் குமிழ். அதிலிருந்து சட்டைப்பைக்குள் ஓடும் ஒயர். பார்த்தால் காது கேளாதவர் மாட்டிக்கொள்வது போலத்தான் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"காது மிஷின்" என்றார்.

"ரெண்டு காதுலயுமா?"

"ரெண்டுக்கும் ஒரே வயசுதானே!"

சண்டை வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். வரவில்லை. வல்லி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இத்தனை நாளா எங்கிட்டகூடச் சொல்லாம, தனியாவா கஷ்டப்பட்டேள்?"

வேடிக்கை என்னவென்றால், லேக் கார்டன்ஸ் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பட்டாபிக்கு இருப்பதைப் போல ஒரு காது அகப்படாது. இன்டர்நெட்டில் ஹெட்போன் பைத்தியங்களுக்கென்று ஒரு குழு உண்டு. அதில் பட்டாபி எழுதினால்தான் தீர்ப்பு. இந்தப் புது இயர்போனுக்கும் எழுத ஆரம்பித்திருந்தார்: 'தம்புராவின் நாலு தந்தியும் நாலு இடத்தில் நிற்கின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் ஈரம் தெரிகிறது. பல்லவிக்கு முன்னால் பாடகர் எச்சில் விழுங்கியது கேட்கிறது.' எழுதியதையெல்லாம் வல்லிக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவளும் சிரித்தபடி, "நன்னாருக்கு" என்பாள். ஒரு ஹெட்போனைக் கிழிகிழியென்று கிழித்து எழுதியபோதும் "நன்னாருக்கு"தான். சங்கீத ஞானம் இல்லாதவள், பாவம் என்று அவர் விட்டுவிடுவார்.

மறுநாளே செய்தி மாடி வீட்டுக்குப் போயிற்று. போஸ் பாபு இறங்கி வந்து பட்டாபியின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, "பட்டாபிதா! கேமோன் ஆச்சேன்?" என்று நலம் விசாரித்தார். ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன.

எப்படியாவது சத்தத்தைக் குறைக்க வேண்டுமே என்று, "இடது காதுதான் கொஞ்சம் மந்தம். வலது பரவாயில்லை" என்றார் பட்டாபி.

போஸ் பாபு வலது காதருகே நகர்ந்து வந்து அங்கே கத்தினார்.

வல்லியோ பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பேசறவா உதட்டைப் பாருங்கோ. பாதி புரிஞ்சுடும். மீதிக்குச் சிரிச்சுண்டே தலையாட்டிடணும். ஆனா ரொம்ப ஆட்டப்படாது. துர்கா பூஜா சந்தாக்கு வந்தவாளா இருந்தா மாட்டிப்பேள்!"

எதில் இறங்கினாலும் முழுசாக இறங்குகிறவள் வல்லி.

காலைக் காப்பிக்கு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வாள். முழங்காலும் முழங்காலும் இடிக்கும். தங்கை பாகீரதி வீட்டுக் கதை, கரியாஹாட்டில் கத்தரிக்காய்க்காரனோடு போட்ட சண்டை எல்லாம் நிறுத்தி நிதானமாக வரும். இருபத்தாறு வருஷம் அவர் ஹெட்போனுக்குள்ளும் அவள் டி.வி.க்கு முன்னாலுமாகக் குடித்தனம் நடந்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை நேரம் தன் முகத்தைப் பார்த்ததில்லை. பட்டாபிக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

அவள் வரும் காலடி கேட்டதும் பாட்டை நிறுத்திவிடுவார். ஐந்து வாரமாகியும் இயர்போனைப் பற்றி எழுதியது பாதியில் நின்றது. குழுவில் உடம்புக்கு என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கோ வேறு கவலை. சாயம் வெளுத்தால் எதிரே இருக்கும் நாற்காலி மறுபடி டி.வி. பக்கம் திரும்பிவிடும். பொய்யென்று தெரியவரும்முன் தானே கௌரவமாக முடித்துவிட்டால் நாற்காலி அப்படியே இருக்கும் என்று ஒருநாள் துணிந்தார்.

"வல்லி, காது குணமாயிடுத்து. மிஷினைக் கழட்டிடப் போறேன்."

"ஐயையோ, கழட்டிடாதேங்கோ!" என்று பதறினாள். "டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். கரியாஹாட்ல ஒரு கிளினிக் இருக்கு."

கிளினிக்கில் சோதனை செய்பவள் அக்ஷரா என்ற சின்னப் பெண். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பட்டாபியைச் சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா இதை அமுக்குங்க, அங்கிள்."

காது இத்தனை நன்றாக இருப்பது தெரிந்தால் முதலிலிருந்தே பொய் என்பதும் தெரிந்துவிடும்; எது கேட்டாலும் அமுக்குவதில்லை என்று பட்டாபி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாலு சத்தங்களை விட்டுவிட்டார். ஐந்தாவது வந்தது. எங்கோ உச்சியில், நூலைவிட மெலிசாக ஒரு கீச்சு. எட்டாயிரம் ஹெர்ட்ஸ்! ஐம்பத்துநாலு வயசில் எவனுக்கு இது கேட்கும்? கட்டைவிரல் தானாக அமுக்கிவிட்டது. அதற்கப்புறம் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

அக்ஷரா காகிதத்தைப் பார்த்தாள். மேஜையில் அவர் கழற்றி வைத்திருந்த இயர்போனைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க காது என் காதைவிட நல்லா இருக்கு. இது மிஷினும் இல்லை."

பட்டாபி கை கூப்பினார். "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். வெளில பெஞ்சில உக்காந்திருக்கறவகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ இப்பத்தான் எங்கிட்டப் பேசவே ஆரம்பிச்சிருக்கா."

கதவைச் சாத்தப் போன அக்ஷரா, வெளியே ஒரு முறை பார்த்துவிட்டுச் சாத்தாமலே திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி மூணு வருஷமா இங்க வர்றாங்க, அங்கிள். ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிடுச்சு, மிஷின் போடுங்கன்னு சொன்னா வெட்கமா இருக்குன்னு அழுதிட்டுப் போயிடுவாங்க. இன்னிக்குத்தான், 'அவரே போட்டுண்டுட்டார், எனக்கும் ஒண்ணு கொடு'ன்னு கேட்டிருக்காங்க. நீங்க தயவுசெஞ்சு இதைக் கழட்டிடாதீங்க!"