ஆயுதபூசைக்கு வைத்த கோல்ஃப் மட்டை

என் வீட்டில் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தொட எனக்கு உரிமை இல்லை. தோசைக்கு எண்ணெய் விடப் போனாலும் மனுசி பறித்துவிடுவா. முப்பது வருசத் தண்டனை இது. குற்றம் நான் செய்ததுதான், மறுக்கவில்லை.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலேர்மோவில், சிஞ்ஞோர் (எங்கடை 'ஐயா' மாதிரி) நீனோ என்ற கிழவரின் வீட்டில் தங்கி வேலை செய்தேன். சமையல், துடைப்பு, நேரத்துக்கு மருந்து. (ஊரில் எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. இங்கே வந்து பாஸ்தா வடித்தேன்.) அவர் ஒரு காலத்தில் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர். சின்ன வயதில் பணக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, பார்த்துப் பார்த்தே பழகி, ஐம்பதுகளில் நாடு நாடாகப் போய் விளையாடியவர். சிவப்புக் காற்சட்டை, மஞ்சள் சப்பாத்து, தொப்பியில் மயிலிறகு. பிரான்சில் ஒருமுறை வெல்லப்போகிற நேரம், குழிக்குப் பக்கத்தில் பந்து கிடக்க, வேடிக்கை பார்த்த ஓர் அழகியின் கையை முத்தமிடப் போயிருக்கிறார். திரும்பி வந்து அடித்த பந்து குழியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போய்விட்டதாம்.

"கோப்பை போச்சு, ராஜா. ஆனா அந்தக் கை!" என்பார்.

நாளுக்கு இரண்டு தரம் இந்தக் கதை. அதைக் கேட்க அந்த வீட்டில் வேறு காது இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து கனகாலம். மகள் வடக்கே தோரினோ நகரத்தில். நத்தார்ப் பண்டிகைக்குத்தான் தொலைபேசி அடிக்கும்.

என் நிலைமையும் அவ்வளவுதான். மனுசியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். கடிதம் வர மாதக்கணக்காகும். வியாழன் பின்னேரம் எனக்கு லீவு. பலாரோச் சந்தைக்குள் ஒரு நடை நடந்து, ஒன்றும் வாங்காமல், லீவு முடிய முன்னமே திரும்பிவிடுவேன். சிஞ்ஞோர் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருப்பார். "இண்டைக்குக் கெதியா வந்திட்டாய்" என்பார்.

குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் குவெஸ்தூராவுக்கு, அதுதான் எங்களைப் போன்றவர்களின் கடதாசி பார்க்கிற பொலிஸ் கந்தோருக்கு, வந்து கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு வருசமாக நாளைக்கு நாளைக்கு என்றார். அந்த நேரம் நகரத்துக்கு வெளியே புதிதாக ஒரு கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். முதல் பந்தை அடிக்க இவருக்கு அழைப்பு வந்தது.

"ஞாயிறு நான் பந்தடிக்கிறன். திங்கள் உன்ரை கடதாசிக்குப் போறம். சரியோ?"

"சீ, சிஞ்ஞோரே!" (அவர்கள் பாசையில் 'சீ' என்றால் ஓம்.)

நாட்காட்டியைப் பார்த்தேன். சனி ஆயுதபூசை, ஞாயிறு விஜயதசமி. (முருகா, இதைவிட நல்ல நாள் ஆருக்குக் கிடைக்கும்?) ஊரில் மண்வெட்டிக்கும் சைக்கிளுக்கும் செய்ததையே செய்தேன். அவருடைய பழைய மரத்தலை மட்டையைத் துடைத்தேன். பிடியில் சுற்றியிருந்த தோல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. நல்லெண்ணெய் பூசினேன். குடித்துவிட்டது. இன்னும் பூசினேன். அதையும் குடித்தது. அரைப் போத்தல் முடிந்தது. பிடி நுனியில் சந்தனப் பொட்டு வைத்து, குசினி மேசையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாத்தி, கடலை அவித்துப் படைத்தேன். பூசைக்கு வந்த சனம் ஒரே ஒருவர், பைஜாமாவோடு. கடலையை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு மைதானத்தில் பெரிய மனிதர்கள், சீமாட்டிகள், போட்டோக்காரர்கள். இவர் பழைய சிவப்புக் காற்சட்டை. மெலிந்த இடுப்பில் அது நிற்காமல் என் பெல்ட்டைக் கட்டியிருந்தார். நல்ல வெய்யில். (தோலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெளியே வர அது போதும் என்று இந்த மடையனுக்குத் தெரியவில்லை.) மட்டையைப் பின்னுக்கு ஓங்கி ஒரு விசுக்கு விசுக்கினார்.

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டைதான் போனது. சனத்தின் தலைக்கு மேலால் சுழன்று சுழன்று போய், விருந்து மேசையில் மூன்று தட்டுக் கேக்கின் நடுவில் தலைகீழாகக் குத்தி நின்றது. மேலே சந்தனப் பொட்டு.

சிஞ்ஞோர் தன் உள்ளங்கையை மணந்து பார்த்தார்.

"ராஜா, இது என்ன?"

"எண்ணெய், சிஞ்ஞோரே. பூசைக்குப் பூசினது."

அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். வீடு வந்ததும் அவர் என் பெல்ட்டைக் கழற்றித் தந்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மனுசிக்கு எப்படி எழுதுவதென்று அன்றிரவு மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன்.

திங்கள் காலை கதவடியில் அதே சிவப்புக் காற்சட்டை. "கடதாசி எடுத்தியோ?"

குவெஸ்தூராவில் நீண்ட வரிசை, பாதி எங்கடை சனம். சிஞ்ஞோர் பின்னால் திரும்பிக் கதையைத் தொடங்கினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். யன்னலுக்குக் கிட்டப் போகும்போது கேக் ஏழு தட்டாகிவிட்டது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இவர் உங்களிட்டை என்ன வேலை?" என்று அதிகாரி கேட்டார்.

"என்ரை மட்டைக்கு எண்ணெய் போடுறவன். எங்கை கையெழுத்து?"

எனக்குப் பின்னால் நின்ற, பலாரோச் சந்தையில் கடை வைத்திருந்த கிளி அண்ணை என் தோளில் தட்டினார். "தம்பி, வியாழக்கிழமை உந்தாளை எங்கடை கடைப்பக்கம் கூட்டிக்கொண்டு வாருமன்."

அதையும் மொழிபெயர்த்தேன். கிழவர் என் முகத்தையே பார்த்தார். "உண்மையாவோ? என்னையோ?"

அதற்குப் பிறகு வியாழன் லீவுக்கு நான் தனியாகப் போனதில்லை.

அடுத்த வருசம் மனுசியும் பிள்ளைகளும் வந்தார்கள். சிஞ்ஞோர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய மகள் தோரினோவிலிருந்து வந்து வீட்டை விற்றா. மட்டையை மட்டும் என்னிடம் தந்தா. இன்றைக்கும் ஆயுதபூசைக்கு அதுதான் நடுவில் நிற்கும். கையிலிருந்து கோப்பை நழுவினால்கூட "அப்பா எண்ணெய் பூசிட்டார்" என்று பேரப்பிள்ளைகள் வரைக்கும் சிரிப்பு. பூசையன்று என் மகள் போத்தலை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் விளக்கேற்றுவாள்.

பிடித் தோல் திரும்பவும் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.